தறிக்கு அந்தப் பக்கம் நின்றவளுக்கு

மல்லிகா, என் மகராசி,

உனக்கு நான் கடிதம் எழுதுவேன் என்று நினைத்ததே இல்லை. ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குள் கடிதம் எதற்கு? நாலு பேர் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். படிக்கட்டும். உன்னைப் பற்றிச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

முதலில் நம் பிரியாவின் சேதி. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. பத்தாவது படிக்கிற பெண், காலையில் சோறாக்கி வைத்துவிட்டு, நீ உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். "வயசுப் பொண்ணு, வூட்லயே ஒத்தாசையா இருக்கட்டும் வுடுங்க" என்று உன் அண்ணனே சொல்லிவிட்டுப் போனார். நான் கத்தினேன், கெஞ்சினேன். "நான் போய்ட்டா உனக்கு யாருப்பா சோறு போடறது?" என்றாள்.

ஒருநாள் சமூக அறிவியல் டீச்சர் வீட்டுக்கே வந்தார். பள்ளியில் நம் ஊரைப் பற்றி இங்கிலீஷில் பேசும் போட்டி வைத்திருக்கிறார்களாம். நீயும் பிரியாவும் சேர்ந்து அதற்காகத்தானே அந்தப் பேச்சை எழுதினீர்கள்? அதையாவது வந்து பேசட்டும் என்றார். பிரியா தார்க்குச்சியைக் கீழே வைத்தாள். "அம்மா எழுதினது, அதனால பேசறேன். அதோட சரி. அப்புறம் யாரும் என்னை ஸ்கூலுக்குக் கூப்பிடக் கூடாது" என்றாள்.

அந்தப் பேச்சை நீ அவளுக்குப் பழக்கிய அழகு எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. நம் வீட்டு இரண்டு விசைத்தறியும் தடதடவென்று ஓடும். பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. நாமெல்லாம் உதட்டைப் பார்த்துத்தானே பேசிக்கொள்வோம்? அவள் இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம். அவள் தடுமாறினால் அடுத்த வார்த்தையை நீ வாயசைத்து எடுத்துக் கொடுப்பாய்.

நடுவில் நான். தமிழ் நன்றாகவே படிப்பேன். இங்கிலீஷ் என்றால் காத தூரம்; உனக்குத்தான் அது வரும். "போட்டி முடியற வரைக்கும் எனக்குச் சோறு கெடைக்காதா? ஒரே பேஜாரா கீதே" என்று வாயசைப்பேன். "நீ நூலப் பாரு, பிரியாப்பா. அறுந்துகினு போவுது" என்று நீ வாயசைப்பாய். அந்தப் பேச்சைச் சத்தமாக ஒரு தரம்கூட நான் கேட்டதில்லை.

போட்டியன்று நானும் போய்ச் சுவரோரம் நின்றேன். தறிச் சத்தத்தில் பழகிய குரலாயிற்றே, அவள் ஆரம்பித்ததும் மைக் அலறியது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் அசரவில்லை. பாதிக்கு மேல் போயிருக்கும், சட்டென்று நின்றுவிட்டாள். தலையைத் தூக்கிக் கூட்டத்தில் தேடினாள். யாரை என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? இப்படியே இறங்கினால் இவள் இனி எந்தக் காலத்திலும் பள்ளிக்கூடப் படி ஏறமாட்டாள் என்று சுவரை விட்டு முன்னே வந்தேன்.

அவள் கண் என்மேல் பட்டது. என் வாய் தானாக அசைந்தது. உதடு ஒட்டிப் பிரியும், மறுபடி ஒட்டிப் பிரியும், அப்புறம் நாக்கு நுனி பல்லைத் தொடும். உன் வாயில் எத்தனை தரம் பார்த்திருப்பேன்! என்ன வார்த்தை என்று சத்தியமாகத் தெரியாது. அடுத்து வருவது அதுதான் என்று மட்டும் தெரியும். பிரியா பார்த்தாள். பிறகு பேசினாள். அழுதுகொண்டே கடைசிவரை பேசி முடித்தாள்.

ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சைக்கிளில் வரும்போது கேட்டேன்.

"மறந்துட்டியா கண்ணு?"

"மறக்கலப்பா. சொல்ல வாயே வரல. அந்த வரிய எடுத்துடுன்னு டீச்சர் சொன்னாங்க. நான்தான் மாட்டேன்னுட்டேன்."

"அப்படி இன்னா வரி அது?"

என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு தமிழில் சொன்னாள்: "'மை மதர்'னு ஆரம்பிக்கும்ப்பா. 'எங்கம்மா தறிக்கு அந்தப் பக்கம் நின்னுகினு, நான் பேசறதப் பாத்துகினு கீறாங்க.' அம்மாதாம்ப்பா சிரிச்சிகினே எழுதச் சொன்னாங்க."

சைக்கிளை நிறுத்திவிட்டேன், மல்லிகா. அப்பனும் மகளும் நடுரோட்டில் நின்று அழுதோம். நீ இருக்கிறாய் என்று என் வாயாலேயே என் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறேனே! அது பொய்யா? நீதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலையில் பார்த்தால் தலைவாரிப் பின்னிக்கொண்டு, யூனிபார்மில் நிற்கிறாள். "இனிமே காலைல சோறு நீ ஆக்குப்பா. எனக்கு டைம் ஆவுது" என்றாள். அன்றைக்கு நான் வடித்த சோறு களியாகிவிட்டது. அதையே சாப்பாட்டு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது சாயங்காலமானால் சமூக அறிவியல் புத்தகத்தோடு தறிக்கு இந்தப் பக்கம் வந்து நிற்கிறாள். நான் அந்தப் பக்கம் போய் நிற்கிறேன். அவள் சொல்வதில் பாதி எனக்குப் புரியாது. நூலும் அறுந்துகொண்டுதான் போகிறது, போகட்டும். அவள் உதட்டைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன். அவள் படித்து முடிக்கிறவரை அந்தப் பக்கம் ஆள் இருக்கும். இது உன்மேல் சத்தியம்.

நூலைப் பார்க்காத,
உன் பிரியாப்பா