நான் கீறிய முதுகு

பங்குச் சுவாமிக்கு,

பக்கத்து வீட்டுக் கதவுக்கு இன்று பெயின்ற் அடிக்கிறார்கள். அந்த எண்ணெய் மணம் மூக்கில் ஏறியதும், பூசை நடுவில் நீங்கள் தும்மியது நினைவுக்கு வந்தது. "உம்மட படம் காயுமட்டும் எனக்குத் தடிமன் மாறாது," என்றீர்கள். அப்போது நமக்குள் பகை இல்லை.

துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயின்ற் அடித்தவன் நான். வெள்ளைக்காரக் கடற்படை போனபோது விட்டுச்சென்ற படப்புத்தகம் ஒன்றுதான் எனக்குப் பள்ளிக்கூடம். முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஐரோப்பியத் தேவாலய ஓவியங்கள். எங்கும் இருட்டு. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம். அது விழும் இடத்தில் கிழிந்த சதை. நோவை மறைக்காமலும் தெய்வத்தைக் காட்டலாம் என்று அதில் கண்டேன். நம் தேவாலயத்துக்கு அப்படித்தான் கற்றூணில் கட்டுண்ட ஆண்டவரைப் படமாகக் கீறினேன். முகம் இருட்டில், வெளிச்சமெல்லாம் சாட்டை பட்ட முதுகில்.

"சனம் பயப்பிடுது. காயத்தைக் கொஞ்சம் குறையும்."

"ஏலாது சுவாமி. ஆண்டவரைக் குறைச்சோ அடிச்சவங்கள்?"

தவக்காலக் கடைசியில் வழக்கப்படி சுரூபங்களையும் படங்களையும் ஊதாத் துணியால் மூடினீர்கள். உயிர்த்த ஞாயிறன்று எல்லாத் துணிகளும் கழன்றன. என் படத்தின் துணி மட்டும் கழலவில்லை. அடுத்த ஆண்டும் இல்லை. கேட்டால், "அது இன்னும் காயேல்லை," என்று சிரித்தீர்கள்.

மூடியதால் பயம் போகவில்லை, கூடியது. பெண்கள் பிள்ளைகளை அந்தச் சுவர்ப் பக்கம் விடவில்லை. காற்றில்லாத மத்தியானத்திலும் துணி அசைகிறது என்றார்கள். ஏதோ வரப்போகிறது என்ற கதை ஊரெல்லாம் பரவியது.

பிறகு இனக்கலவரத்தில் கடைகள் எரிந்தன. தேவாலயம் நிறைய அகதிகள். இறக்கக்கண்டிக் கிராமத்திலிருந்து ஒரு தாய், அடித்துப் போடப்பட்ட மகனை மாட்டுவண்டியில் கொண்டுவந்தாள். வழியிலேயே உயிர் போயிருந்தது. போர்த்த ஒன்றுமில்லை. அவள் கதிரையில் ஏறி அந்த ஊதாத் துணியைப் பிடித்து இழுத்தாள். குப்புறக் கிடந்த மகனின் முதுகையும் சுவரில் தெரிந்த முதுகையும் மாறிமாறிப் பார்த்தாள்.

நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். "நீர் கீறினதுதான் சரி."

அந்தச் சொல்லுக்காக எத்தனை ஆண்டு காத்திருந்தேன்! அதற்குள் அவள் என் பக்கம் திரும்பிவிட்டாள்.

"ஐயா, என்ர பிள்ளைக்கு இப்பிடி வருமெண்டு தெரிஞ்சோ கீறினனீங்கள்?"

இப்போது நீங்கள் இல்லை. துணி போட்டதற்காக உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஒரு காயத்தையும் குறைக்கப் போவதுமில்லை. ஆனால் சுவாமி, உங்களிடம் எதற்கும் பதில் வைத்திருந்த நான், அவளிடம் "இல்லையம்மா" என்றுகூடச் சொல்லவில்லை. அவள் இன்னும் என்னைப் பார்த்தபடியே நிற்கிறாள்.