சாப்பாட்டுக் கொம்பனியில் போடாத காசு

தோர்ண்டன் ஹீத், லண்டன்
புதன்கிழமை

என் அன்பு மகள் கௌசிக்கு,

நீயும் மருமகன் டிலுக்சனும் அவருடைய அப்பா அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று லூயிஷாம் சிவன் கோவிலில் வெள்ளிக்கு வெள்ளி கேட்டுக்கொண்டு வருகிறேன். முழங்காலை விட்டால் எனக்கும் சுகம்தான். போனில் கதைக்கிறவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ "அம்மா, இங்க விடியுது, வேலைக்கு வெளிக்கிடுறன்" என்பாய், நானும் "ஓம் பிள்ளை, வை வை" என்று வைத்துவிடுவேன், பிறகுதான் சொல்ல வந்தது ஞாபகம் வரும். உலகத்தின் மற்ற அந்தத்தில் இருக்கிற அந்த வெலிங்ரனுக்கும் இந்த ஊருக்கும் நேரம் ஒருநாளும் ஒத்துவராது.

இங்கே புதுக் காய்ச்சல் ஒன்று வரப்போகிறது என்று எல்லார் வாயிலும் அதே கதை. சந்தியில் தமிழ்க்கடை வைத்திருக்கிற மன்னார்ப் பெடியன் கஸ்பரை உனக்குத் தெரியும்தானே, போன கிழமை இடியப்ப மா வாங்கப் போன இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, வருத்தம் பரவினால் சனம் உடுப்புக் கடைக்கே ஓடும்? சாப்பாட்டுக்குத்தான் அடிபடும். அண்ணையின்ர பென்ஷன் காசு பாங்கில சும்மா நித்திரை கொள்ளுது, சாப்பாட்டுக் கொம்பனியளின்ர ஷெயரை வாங்கிப் போடுங்கோ" என்றான். எந்தக் கொம்பனி என்று எனக்கு என்ன தெரியும்? போனமுறை வருத்தம் பரவி ஊரைப் பூட்டினபோது அவனுடைய தட்டுகளில் முதலில் முடிந்துபோன சாமான்களை யோசித்துப் பார்த்தேன். ரின்னில் அடைத்த மீன், கோதுமை மா, நூடுல்ஸ். அதுகளைச் செய்கிறவர்களில் போடு என்றேன். படித்தவர்களும் இப்படித்தான் யோசிக்கிறார்கள் என்று அவன் என்னைத் தூக்கிவைத்துக் கதைத்தான், நானும் எடுபட்டுப்போனேன். அம்மா ஷெயர் வாங்க வெளிக்கிட்டாளாம் என்று நீ சிரிப்பாய், சிரி. எனக்கு உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்தது. நாலு காசு கூட வந்தால் உங்கள் வீட்டுக் கடனுக்கு ஏதாவது தரலாம், கையில் ஒன்றைக் கொண்டுவந்தால் உன் வாசலுக்கு வர ஒரு முகம் இருக்கும் என்று நினைத்தேன்.

நேற்றுச் செவ்வாய். கஸ்பர் என் போனில் எல்லாம் ஒழுங்குபண்ணித் தந்து, வங்கியில் இருந்து காசு வந்தவுடன் பின்னேரம் இந்தப் பொத்தானை மட்டும் அமத்துங்கோ என்று சொல்லி விட்டான். காசு வந்து சேர்ந்தது, கலண்டரைப் பார்த்தால் இராகுகாலம்! உன் அப்பா உழைத்த காசை இராகுகாலத்தில் கொண்டுபோய்ப் போட எனக்கென்ன விசரா? அது கழியட்டும் என்று தேத்தண்ணி வைத்துக் குடித்துக்கொண்டு இருந்தேன். கழிந்தவுடன் சாமிப்படத்தைக் கும்பிட்டுவிட்டு அமத்தினால் சந்தை பூட்டியாயிற்று என்று வருகிறது. இந்த ஊர் ஷெயர் சந்தை பூட்டுகிற நேரமும் நமது செவ்வாய் இராகுகாலம் முடிகிற நேரமும் ஒன்றாம்! போன் எடுத்துச் சொல்ல கஸ்பர் விழுந்து விழுந்து சிரித்தான். "வெள்ளைக்காரனுக்குப் பஞ்சாங்கம் தெரியாது அக்கா, நாளைக்குக் காலமை வாங்குங்கோ" என்றான்.

பொழுதுபட ரீவியைப் போட்டேன். காய்ச்சல் இன்னொரு நாட்டுக்கும் பரவிவிட்டது என்று சொன்னார்கள். "அப்பாடா, அப்ப விலை ஏறத்தான் போகுது" என்று நான் வாய்விட்டுச் சொன்னேன் கௌசி. வீட்டில் கேட்க ஒருத்தரும் இல்லை, எனக்கே கேட்டது. எனக்கு என்னிலேயே அருவருப்பாய் இருந்தது. போனமுறை உன் அப்பாவை அம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் என்னை ஏறவிடவில்லை. அவருடைய ஈமக்கிரியையை நீ அங்கே அறைக்குள் இருந்து கொம்பியூட்டரில் பார்த்து அழுதாய், வெளிக்கிட்டால் திரும்பிப்போக ஏலாது என்று உன் நாடு கதவைப் பூட்டி வைத்திருந்தது. உன்னில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கோவிலும் பூட்டு, கடைக்குப் போனாலும் தள்ளி நில், என் கையைப் பிடித்து ஒரு மனிசர் கதைக்கவில்லை. அப்படி ஒரு வருத்தம் திரும்ப வந்தால்தான் எனக்கு லாபம் என்றால் அந்த லாபம் எனக்கு என்னத்துக்கு? கஸ்பரின் கணக்கு சரியாகவும் இருக்கலாம், அவனில் கோபம் இல்லை. காய்ச்சல் எங்கே கூடுகிறது என்று நாள் முழுக்க ஆசையோடு பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஏலாது.

இன்று காலமை கடைக்குப் போய் வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டேன். "அப்ப அந்தக் காசை என்ன செய்யப்போறியள்?" என்று கேட்டான். அவனுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது, உனக்குச் சொல்கிறேன். நீ முந்தி இரண்டு தரம் என்னை வரச்சொன்னாய். சம்பந்தியாக்கள் இருக்கிற வீட்டில் பெண்ணைப் பெற்றவள் போய் இருக்கிறது முறையில்லை, சனம் கதைக்கும் என்று நான்தான் பெரிய எடுப்பாக மறுத்தேன். பிறகு நீ கேட்கிறதை விட்டுவிட்டாய். எந்தச் சனம் கதைக்கப் போகிறது? இந்த வீட்டு மணியை அடிக்கிறது பார்சல்காரன் மட்டும்தான். மற்றுமொரு முறை கதவுகளைப் பூட்டுகிறார்கள் என்றால் நான் உன் பக்கம் இருக்கவேண்டும் பிள்ளை. தனிய இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு ஒரு மூலையும் ஒரு கட்டிலும் போதும், சம்பந்தி அம்மாவின் அடுப்படியில் அவ சொல்கிறபடி நடப்பேன், மீன்குழம்புக்கு உப்புக் குறைவு என்றுகூடச் சொல்லமாட்டேன். அந்தக் காசில் பிளேன் ரிக்கற் எடுக்கலாம். நீ சொல்லாமல் எடுக்கமாட்டேன். சம்பந்தி அம்மாவிடம் முதலில் கேள், மருமகனை விட்டுக் கேட்பிக்காதே, நீயே பக்கத்தில் இருந்து கேள்.

காலமைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வேலைக்கு ஓடாதே. அரிசியும் பருப்பும் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வை, காய்ச்சல் வந்தாலும் வராவிட்டாலும் அது வீண்போகாது. உன்னையும் மருமகனையும் அம்மாளாச்சி நோய்நொடி அண்டாமல் காப்பாற்றுவா.

ஒன்றை மறக்காதே. வரச்சொல்வதென்றால் வாட்ஸ்அப்பில் ஒரு ஓம் போட்டாலே காணும். ஏலாது என்றால் மட்டும் எழுதாதே, போன் எடுத்து வாயால் சொல்லு. எழுதினால் நான் அதைத் திரும்பத் திரும்ப எடுத்து வாசித்துக்கொண்டே இருப்பேன்.

உன்னை எந்நேரமும் நினைத்திருக்கும்
அம்மா
கமலாம்பிகை