கை நனைக்காத வீடு

கேளம்பாக்கத்திலிருந்து கோவளத்துக்குத் திரும்பும் சாலையில் இன்று ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது. உப்பளத்துக் காற்று முகத்தில் அடித்தது. சேறும் உப்பும் கலந்த அந்தப் புளித்த வாடையில் உன் நினைவு வந்தது. சிறுசேரி அலுவலகம் விட்டு நாம் இருவரும் திரும்பும்போது, இந்த இடத்தில்தான் ஒருநாள் என் தோளைத் தட்டி, "எங்காளு ஒருத்தரு இங்கதான் எங்கியோ செத்துக் கெடந்தாரு" என்றாய், நேற்று நடந்ததுபோல.

அவர் செத்த அந்த 1752-ஆம் ஆண்டுப் போரை நான் புத்தகங்களில் படித்திருந்தேன். செங்கல்பட்டுக் கோட்டையும் கோவளம் கோட்டையும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலம். கோவளத்தை ஆங்கிலேயர் முற்றுகையிட, உதவிக்குச் செங்கல்பட்டிலிருந்து ஒரு படை புறப்பட்டது. அதற்குள் கோவளம் சரணடைந்துவிட்டது; வந்தவர்களுக்கு அது தெரியாது. வழியில் பதுங்கியிருந்தவர்கள் சுட்டார்கள்.

புத்தகங்களில் தளபதிகளின் பெயர்கள் இருந்தன. உன் வீட்டுக் கதையில் பெயரில்லாத இரண்டு சகோதரர்கள். அண்ணன் பிரெஞ்சுச் சிப்பாய், நடந்து வந்தவர். தம்பி ஆங்கிலேயர் பக்கம், பதுங்கிக் கிடந்தவர். அண்ணன் அங்கேயே செத்தார்; யார் குண்டு பட்டதென்று எவருக்கும் தெரியாது. ஆனால் அண்ணன் மனைவி, சுட்டவன் வீட்டுச் சோறு வேண்டாம் என்று சத்தியம் செய்துவிட்டாள். அதை இன்றுவரை காப்பவர்கள் அந்த வீட்டுப் பெண்கள். நாலு பேர் சுற்றி அமர்ந்து ஒரே தட்டில் உண்ணும் உங்கள் சஹன் விருந்துகளுக்கு அவர்கள் வருவார்கள், வாழ்த்துவார்கள், கை நனைக்காமல் போய்விடுவார்கள். நீ தம்பி வழி.

"சொத்துத் தகராறுக்குப் பின்னால் யாரோ ஒட்டவைத்த கதையாக இருக்கும்" என்றேன்.

"கதையாவே இருக்கட்டும்டி. சோறு நெசமாத்தான தனியா கீது?"

புற்றுநோய் மருந்தில் முடியெல்லாம் கொட்டிய பிறகு, முக்காட்டை இறுக்கிக்கொண்டு என்னைச் செங்கல்பட்டுக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனாய். அண்ணன் வழியில் மூத்தவர், உனக்குச் சித்தி முறையான சாச்சி, அங்கே துணிக்கடை வைத்திருந்தார். உன்னைப் பார்த்ததும் பதறி, டீ வரவழைத்தார்.

"டீயெல்லாம் வேணாம். எங்க வூட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்புடு."

"அத்த மட்டும் கேக்காதடி."

"பிரெஞ்சுக்காரனும் போயிட்டான், இங்கிலீஷ்காரனும் போயிட்டான். நீ மட்டும் இன்னும் கோட்டைக்குக் காவலு நின்னுகினு கீறியே சாச்சி?"

"அவனவன் அவனவன் ஊருக்குப் போயிட்டான். எங்காளு வூடு திரும்பலியே."

நீ சிரித்தாய். "சரி, நான் செத்தா ஓதுற கத்தத்துக்காவது வந்து சாப்புடு."

"வாய் மேலயே போடுவேன்" என்று கையை ஓங்கிய சாச்சி, அந்தக் கையாலேயே உன் கன்னத்தைத் தடவினார். உன் உடம்பு அன்று கொதித்துக்கொண்டிருந்தது.

உன் ஜனாஸாவுக்கு அந்த வீட்டு ஆண்கள் தோள் கொடுத்தார்கள். நாற்பதாம் நாள் கத்தத்துக்குச் சாச்சியும் வந்தார். ஓதி முடித்து சஹன் வைத்தபோது, உன் அம்மா, உன் தங்கை, நான் என்று மூவர் உட்கார்ந்தோம். நாலாவது இடம் காலியாக இருந்தது. சாச்சி சுவரோரம் நின்றார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத நான் எழுந்துபோய், "அவ உங்களைத்தானே கூப்பிட்டா" என்றேன்.

அவர் கண்கள் நிறைந்தன. "தெரியும்மா. எம் புள்ள அவ. இன்னிக்கு நான் உக்காந்துட்டா, அன்னிக்கு சத்தியம் பண்ண அந்தப் பொம்பள அம்மாம் அழுதது இன்னாத்துக்குன்னு ஆயிடும்."

முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியேறினார். நாங்கள் சாப்பிட்டோம். நாலாம் பக்கத்துச் சோற்றில் யார் கையும் படவில்லை. உன் அம்மா அதை அப்படியே எடுத்து மூடினார்.

சாச்சி சாப்பிட வருவாரா என்ற உன் கேள்வி இப்போது என்னிடம் இருக்கிறது. செங்கல்பட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கடைக்குப் போகிறேன். சாச்சி டீ வரவழைக்கிறார். குடித்து முடித்ததும் கேட்கிறேன். விரித்த துணியை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், இல்லையென்று தலையசைக்கிறார்.