ஒரு சேலைக்கு இரண்டு பேர்

1946 பிப்ரவரி 11, திங்கள்

பண்ணைக் காட்டில் பருத்தி எடுப்பு இன்று தொடங்கியது. காய்ந்த காயின் முனை குத்திக் குத்தி விரல் நுனி எரிகிறது. பென்சில் பிடிக்கவே வலிக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். வாய்விட்டுத் திட்டினால் தெரு கேட்கும், எழுதித் திட்டினால் யாருக்கும் கேட்காது. கன்னியர் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்ததற்கு இந்த ஒரு பிரயோசனம்.

தெருவுக்கு ஒருத்தி வந்திருக்கிறாள். பெயர் செங்கமலம். வேப்பந்தட்டைக்காரி, சின்ன வயது, புருஷன் செத்தவள். ஏதோ சங்கத்தில் பயிற்சி எடுத்தாளாம். கோயில் பக்கத்துக் கொட்டகையில் ராட்டை போட்டுப் பெண்களுக்கும் குமரிகளுக்கும் நூற்கச் சொல்லித் தருவாளாம், எழுத்தும் சொல்லித் தருவாளாம். வீடு வீடாகப் போய்க் கும்பிட்டாள். பொம்பளைகள் தன் காலில் நிற்க வேண்டும் என்றாள். விடிந்ததிலிருந்து காட்டில் நின்ற காலோடுதான் வந்திருக்கேன், இன்னும் எங்கே நிக்கச் சொல்றே என்று கேட்டுவிட்டுப் படலைச் சாத்தினேன்.

பிப்ரவரி 14

மறுபடி வந்தாள். நாயை அவிழ்த்துவிடலாம் என்று பார்த்தேன். நாய் இல்லை.

பிப்ரவரி 20, புதன்

இன்று கூட எடுத்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சுவாக்கில் என் மகளைப் பற்றிக் கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

மரிய செல்வம், என் ஒரே மகள், தை பிறந்த அந்த வாரமே காய்ச்சலில் போனாள். ஏலாக்குறிச்சியில் புருஷன் வீட்டில். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி போட்டுத்தான் பெட்டி மூட வேண்டும். புதுத்துணி, தாய் வீட்டுத் துணி. இந்தத் துணிப் பஞ்சத்தில் நான் எங்கே போவேன்? பங்கீட்டுக் கடைக்காரன் காலில் விழுந்தேன். சரக்கு இல்லை என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் துணிப் பேல் கிடக்கிறது, நான் பார்க்கிறேன், நான் பார்ப்பதை அவனும் பார்க்கிறான். இல்லை என்றே சொன்னான்.

வெறுங்கையோடு போனேன். சம்பந்தி பெட்டியை மூட விடவில்லை. "பெத்த பொண்ணுக்கு ஒரு முழம் துணிக்கு வக்கில்லாம வந்து நிக்கிறா பாரு" என்று கூட்டத்துக்குச் சொன்னாள். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பழைய சேலையைத் துவைத்து மூடிப் புதைத்தோம். ஈரம் கூடக் காயவில்லையே தாயி. குளிர்ந்திருக்குமே உனக்கு.

அந்தச் சம்பந்தி நல்லா இருக்க மாட்டாள். கடைக்காரனும் நல்லா இருக்க மாட்டான். சாமியார் வந்து கடவுள் சித்தம் என்றார். கடவுளுக்கு என்ன, மேலே துணிப் பஞ்சமா?

மார்ச் 6, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். மண்ணாயிருக்கிறாய் என்று சாமி சொன்னார். தெரியும் சாமி.

வரும் வழியில் கொட்டகைக்குள் போனேன். செங்கமலத்தைப் பிடித்துப் போகவில்லை. நூற்ற நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றி அரியலூர் கதர்க் கடையில் கொடுத்தால் துணி தருவார்களாம், பங்கீட்டுக் கூப்பன் கேட்க மாட்டார்களாம். அதற்காகப் போனேன். சிரித்த முகமாக வாங்கக்கா என்றாள். சிரிக்காமல் சொல்லிக்கொடு என்றேன்.

பருத்திக்குக் கவலை இல்லை. எங்கள் எடுப்புக் கூலியே பருத்திதான். சாயங்காலம் அவளவள் எடுத்ததைப் பத்துக் கூறு வைக்க வேண்டும், ஒன்பது பண்ணைக்கு, ஒன்று எங்களுக்கு. கூறு வைப்பது நாங்கள், முதலில் அள்ளுவது காரியக்காரன் கருப்பண்ணன். புடைப்பான கூறாகப் பார்த்து அள்ளுவான். கடைசியில் சூம்பிக் கிடப்பது நமக்கு. அதையும் அங்கேயே பண்ணைக்கு விற்றுவிட்டு வருவதுதான் வழக்கம். இந்த வருஷம் விற்காமல் மடியில் கட்டிக்கொண்டு வருகிறோம்.

மார்ச் 17, ஞாயிறு

அடுத்த வீட்டுச் சாந்தா நூற்க வரவில்லை, ஏன் என்று செங்கமலம் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பயிற்சியில் இதெல்லாம் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

சாந்தாவுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. சித்தப்பன் லூர்துராஜ் வீட்டில் இருக்கிறாள். வயது பதினாலு. அந்த வீட்டில் சித்தி குஞ்சம்மாளுக்கும் இவளுக்கும் சேர்த்து ஒரே சேலை. ஒருத்தி கட்டிக்கொண்டு வெளியே போனால் மற்றவள் கிழிசலைச் சுற்றிக்கொண்டு உள்ளே இருட்டில். காட்டு வேலைக்குக் குஞ்சம்மாள் போகிறாள், கோயிலுக்கும் அவள்தான் போகிறாள். சாந்தா பகல் வெளிச்சத்தைப் பார்த்து எத்தனை நாளோ.

செங்கமலத்திடம் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன ஆகும், ராட்டை இல்லாமல் கையாலேயே சுழற்றி நூற்கிற தக்ளி ஒன்று கொடு என்று வாங்கிப் போய்ச் சாந்தாவிடம் கொடுத்தேன். குனிந்து உட்கார்ந்தபடியே கற்றுக்கொண்டாள். என்னைவிட மெல்லிசாக இழுக்கிறாள். எரிச்சலாகத்தான் இருந்தது.

மார்ச் 23

சாந்தா அதற்குள் சில சிட்டம் சேர்த்துவிட்டாள், கொட்டகையில் கொண்டுபோய் வைத்தேன். இப்படியே மாதக்கணக்கில் சேர்ந்தால் அவளுக்கு ஒரு சேலை.

மார்ச் 25, திங்கள்

பாவி. பாவி. படிச்ச பாவி.

கொட்டகையைப் பார்வையிட வாருங்கள் என்று பண்ணை இராமலிங்கத்தைப் போய் அழைத்திருக்கிறாள் செங்கமலம். பெரிய மனிதர் ஆதரவு வேண்டுமாம். தலைவர்கள் வந்தால் நூல் மாலை போடுவது அவர்கள் சங்கத்து வழக்கமாம். நல்ல நூலாக இருக்கட்டும் என்று எடுத்தது யாருடையதை? சாந்தாவுடையதை. அத்தனை சிட்டத்தையும் மாலையாகக் கட்டி அந்த ஆள் கழுத்தில் போட்டாள்.

அவர் மாலையை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தார். யார் காட்டுப் பருத்தி என்று கேட்டார். எல்லாம் உங்க காட்டுப் பருத்திதாங்க ஐயா என்று இவள் பெருமையாகச் சொன்னாள். கருப்பண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை. கை தட்டினாள்.

மார்ச் 26

கூறு கிடையாது. இனி எடுப்புக்கு ஒரு படி கம்பு, அவ்வளவுதான். "திருட்டுப் பருத்தியில நூத்து எங்க ஐயாவுக்கே மாலையா?" என்று கேட்டுவிட்டு எங்கள் மடியைத் தட்டிப் பார்த்து அனுப்பினான் கருப்பண்ணன். மகளைக் கட்டிக்கொடுத்த வயசுக்காரிகள் மடியைத் தட்டிப் பார்க்கிறான்.

ஏப்ரல் 3

கொட்டகைக்கு யாரும் போகவில்லை. செங்கமலம் தனியாக உட்கார்ந்து அழுதாளாம். அழட்டும். அத்தனை நூலையும் மறுபடி நூற்றுத் தருகிறேன் என்று சாந்தாவிடம் போய் மன்னிப்புக் கேட்டாளாம். எதில் நூற்பாள், கம்பிலா?

ஏப்ரல் 14, குருத்து ஞாயிறு

எதிர்பார்த்ததுதான். சாந்தாவுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டான் லூர்துராஜ். மாப்பிள்ளை ஞானப்பிரகாசம், வரதராசன்பேட்டைப் பக்கம். பெண்டாட்டி செத்தவன், என் வயசு. கள்ள மார்க்கெட்டில் இரண்டு சேலை வாங்கிக்கொண்டு வந்து வைத்தான். ஒன்று பெண்ணுக்கு, ஒன்று குஞ்சம்மாளுக்கு. பேச்சு முடிந்துவிட்டது. தபசு காலத்தில் கல்யாணம் கூடாது, பாஸ்குத் திருநாள் முடிந்து, தடை உண்டா என்று கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்ததும் தாலி.

குஞ்சம்மாள் புதுச்சேலையைக் கட்டிக்கொண்டு குருத்தோலை பிடித்து வந்தாள். பழைய சேலை இப்போது சாந்தாவுக்கு ஆகும்தானே என்றேன். கல்யாணப் பொண்ணு வெளியே வரக் கூடாது என்று அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். கல்யாணச் சேலையும் அதே பெட்டியில். கேட்டதற்குச் சொல்கிறாள்: "ஒங்க பொண்ணுக்குத்தான் ஒண்ணும் செய்ய வக்கில்ல. எங்க வூட்டுப் பொண்ணுக்கு எதுக்கு வந்து நிக்கிறீங்க?"

அறைந்திருப்பேன். கையில் குருத்தோலை இருந்தது.

ஏப்ரல் 16

சுவர் ஓரம் சாந்தாவிடம் பேசினேன். உனக்கு இஷ்டமா என்றேன். "அந்த ஆளு வூட்டுக்குப் போனா வெளிய வரலாமா பெரியம்மா?" என்று கேட்டாள்.



ஏப்ரல் 28, ஞாயிறு

முதல் ஓலை வாசித்துவிட்டார் சாமி. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். பூசை முடிந்து போய்ச் சொன்னேன், பெண்ணுக்குச் சம்மதமில்லை என்று. சம்மதமில்லை என்று அவள் வாயால் சொல்லட்டும், அயல்வீட்டுக்காரி சொன்னால் செல்லாது என்றார். அவள் வர முடியாது சாமி என்றேன். ஏன் என்றார். காரணத்தை ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது? லூர்துராஜ் முந்திக்கொண்டு, பெண்ணுக்குக் காய்ச்சல் என்றான்.

மே 4, சனி

கடைசி எடுப்பு முடிந்தது. கடைசி எடுப்பு முடிந்தால் செடியில் மிஞ்சினது பொறுக்குகிறவளுக்கு. ஆடு இறங்கும்வரை காடு அவளுடையது. இதை எந்தப் பண்ணையும் மறுத்ததில்லை. அதனால் ஒரு மாதமாகவே நாங்கள் பாதி விரிந்த காயையெல்லாம் விட்டுவிட்டுத்தான் எடுத்தோம். கருப்பண்ணன் அதட்டினால், "பட்டினில கண்ணு மங்கிப்போச்சு, கம்பு கொஞ்சம் கூடப் போட்டா தெரியும்" என்பாள் எங்களோடு எடுக்கிற ஆண்டாயி. அவள் கண் பருந்துக் கண்.

இன்று காலை காட்டுக்குள் போனோம். வெள்ளை வெளேர் என்று கிடக்கிறது. அதற்குள் கருப்பண்ணன் மந்தையை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். மற்ற வருஷம் ஒரு வாரம் கழித்து வருகிற ஆடு.

வேலியில் உள்ளே நுழைகிற கடவு ஒன்றுதான். அதில் போய் நின்றது யார் என்றால் செங்கமலம். முள்ளை இழுத்துக் குறுக்கே போட்டு அதன் முன்னால் நின்றாள். கருப்பண்ணன் ஆட்டுக்கு ஓங்கின கழி அவள் தோளில் விழுந்தது. ஆட்டுக்குத்தான் ஓங்கினேன் என்றான். இன்னொன்றும் விழுந்தது. அவள் நகரவில்லை. வெயில் ஏறி ஆடுகள் கத்த ஆரம்பித்ததும் தண்ணீருக்கு ஓட்டிக்கொண்டு போனான். நாங்கள் பொழுது சாயும்வரை பொறுக்கினோம்.

தோள் வீங்கிவிட்டது அவளுக்கு. மஞ்சள் பற்றுப் போட்டேன். இன்னமும் எனக்கு அவளைப் பிடிக்காது. அவளிடமே சொன்னேன். தெரியுங்கக்கா என்றாள்.

மே 5

இரண்டாம் ஓலை. பருத்தி கிடைத்து என்ன செய்ய? கொட்டை எடுத்து, வில்லால் அடித்து, நூற்று, அரியலூர் போய்த் துணி வருவதற்குள் தாலி ஏறிவிடும்.

மே 12, ஞாயிறு

காலை. எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை.

என் சேலையை அவிழ்த்துச் சாந்தாவுக்குக் கட்டிவிட்டேன். எனக்கிருப்பது அந்த ஒன்றுதான். குஞ்சம்மாளும் லூர்துராஜும் முன்னால் போனதும் கொல்லைப் பக்கமாக அவளை அழைத்து வந்து கட்டினேன். வெளிச்சத்தில் கண் கூசிக்கூசி நின்றாள். பெண்கள் பக்கம் நடுவில் நில், ஆண்டாயி ஒரு பக்கம் செங்கமலம் ஒரு பக்கம் நிற்பார்கள், சாமி தடை கேட்டதும் சொல் என்றேன். செங்கமலம் நம் வேதக்காரி இல்லை, இருந்தாலும் வருகிறாள்.

நான் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். உடம்பெல்லாம் அரிக்கிறது. யாராவது படலைத் தட்டினால் எழுந்து போக முடியாது. இப்படித்தான் இருந்திருக்கிறாள் அந்தப் பிள்ளை, இத்தனை மாதம்.

மணி அடிக்கிறது. பிரசங்கம் முடிந்திருக்கும்.

சொல்லிடு தாயி. வாயத் தொறந்து சொல்லிடு.

மே 13, திங்கள்

சொல்லிவிட்டாள். முதல் தடவை சத்தம் வரவில்லையாம். யார் பேசினது என்று சாமி கேட்டாராம். "நாந்தான் சாமி. சாந்தா. எனக்குச் சம்மதமில்லீங்க" என்றாளாம். சாமி ஓலையை மடித்து வைத்துவிட்டார்.

லூர்துராஜ் கோயில் வாசலிலேயே அடித்து, இனி என் வீட்டுப் படியேறாதே என்று தள்ளிவிட்டான். ஞானப்பிரகாசம் அன்றே ஆள் அனுப்பிச் சேலைகளைக் கேட்டுவிட்டான். கட்டியிருந்ததைக் குஞ்சம்மாள் அவிழ்த்துத் துவைத்துக் கொடுத்தாளாம். என் வாசலில் மண் வாரி இறைத்துவிட்டுப் போனாள். பெற்றதைத் தின்றவள், அடுத்தவள் குடியையும் கெடுத்தாள் என்றாள். நான் சாக்கோடு உள்ளே இருந்து பதிலுக்கு நன்றாகத் திட்டினேன். எழுதாமல், வாய்விட்டு.

சாந்தா இங்கேதான் இருக்கிறாள். வேறு எங்கே போவாள். கஞ்சி கொஞ்சமாகத்தான் குடிக்கிறாள், நூல் நிறைய நூற்கிறாள்.

மே 30

இன்று என் முறை. சேலை கட்டிக்கொண்டு தண்ணீர் எடுத்து வந்தேன்.

சூன் 24, திங்கள்

செங்கமலமும் ஆண்டாயியும் அரியலூர் போய் வந்தார்கள். கொட்டகையில் நூற்ற எல்லோருடைய சிட்டத்துக்கும் சேர்த்து வந்தது ஒரே சேலை. முரட்டுச் சேலை, சாக்குக்கு அக்கா மாதிரி. ஆனால் புதுசு.

யாருக்கு என்று பெரிய சண்டை. எனக்குத்தான் என்று நான் கேட்டேன், வெட்கப்படவில்லை. வயசுக்கு மூத்தவள், வீட்டில் இரண்டு பேர். ஆண்டாயி தனக்கு என்றாள். செங்கமலம் வாயே திறக்கவில்லை. கற்றுக்கொண்டுவிட்டாள்.

சாந்தாதான் பேசினாள். சித்திக்குக் கொடுக்க வேண்டும் என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மண்ணை வாரி இறைத்தவளுக்கா? அவள் குரலை உயர்த்தவில்லை. "அருளாயிக்கு வயசு பன்னெண்டாகுது பெரியம்மா. அந்த வூட்டுல இப்பவும் ஒரு சேலைதான். நாளைக்கு எவன் ரெண்டு சேலையோட வந்தாலும் சித்தப்பா தலையாட்டிடுவாரு."

அருளாயி குஞ்சம்மாளின் மகள். நான் அந்தப் பிள்ளையை நினைக்கவே இல்லை.

ஆண்டாயிதான் போய்க் கொடுத்தாள். குஞ்சம்மாள் வாங்கிக்கொண்டாள், வா என்றும் சொல்லவில்லை.

சூன் 27, வியாழன்

குஞ்சம்மாள் இன்று கொட்டகைக்கு வந்தாள், அருளாயியையும் கூட்டிக்கொண்டு. என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் ராட்டை முன் உட்கார்ந்தாள்.

இழை அறுந்து அறுந்து போகிறது அவளுக்கு. கையை இறுக்கிப் பிடிக்கிறாள். சாந்தாவைப் போய்ச் சொல்லிக்கொடுக்கச் சொன்னேன்.