மயங்கி விழும் தச்சருக்கு

அப்பா,

நானும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டோம். உங்களை எழுப்ப வேணாம்னு நான்தான் சொன்னேன், அம்மா மேல பாயாதீங்க.

சாப்பாடு ஃப்ரிட்ஜுல இருக்கு. பத்து மணிக்கு எனக்கு வாக்கர் கொண்டு வருவாங்க, வாங்கி வைங்க. உயரம் சரியில்லன்னு ரம்பத்தை எடுத்துடாதீங்க, ஏத்தி இறக்க அதுலயே பட்டன் இருக்கு.

நேத்து நீங்க கத்தினதுக்குப் பதில் சொல்லிடறேன். முட்டிச் சில்லு ஆறு தடவை நழுவிடுச்சு, இனி ஹைஜம்ப்பே வேணாம்னீங்க. கதவு உரசுதுன்னு யாராவது கூப்பிட்டா, "இனி திறக்காதீங்க"ன்னா சொல்லிட்டு வருவீங்க? கீலைக் கழட்டி, கொஞ்சம் தள்ளி வச்சு முடுக்குவீங்க. டாக்டரும் அதைத்தான் செய்யறார். சில்லுக்குக் கீழ இருக்கற எலும்பை வெட்டி, நகர்த்தி, ரெண்டு ஸ்க்ரூ போடுவார். அவ்வளவுதான்.

நீங்க வர வேணாம். போன தடவை மைதானத்துல சில்லு நழுவினது எனக்கு, ஸ்ட்ரெச்சர்ல போனது நீங்க. நான் நொண்டிக்கிட்டே பின்னாடி வந்தேன். நாள் பூரா ஸ்க்ரூ முடுக்கற மனுஷன்!

சாவி செருப்பு ஸ்டாண்டுல இருக்கு.

பி.கு: கண் முழிக்கறப்போ பக்கத்துல யார் இருக்கணும்னு ஆஸ்பத்திரி ஃபாரத்துல ஒரு கேள்வி. அம்மா பேரை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்க பேரை எழுதியிருக்கேன். மூணு மணிக்கு வந்துடுங்க. கால்ல கட்டு போட்டிருக்கும், காயம் ஒண்ணும் வெளிய தெரியாது.

சாப்பிட்டுட்டு வாங்க. இந்தத் தடவை ஸ்ட்ரெச்சர் எனக்கு.