அம்மா போட்ட சத்தம்

அம்மா,

சுட்ட மீனும் சோறும் மூடி வைத்திருக்கிறேன். பூனை காத்துக்கொண்டிருக்கிறது, உடனே சாப்பிடுங்கள்.

ஹஸ்னா அத்தை மக்காசர் நகரப் பயிற்சி மையத்திலிருந்து போனில் எல்லாம் சொன்னார். மயக்க மருந்துச் செவிலியர் மறுபயிற்சித் தேர்வில், நோயாளிப் பொம்மையின் தொண்டைக்குள் மூச்சுக்கான குழாய் இரண்டு முறையும் இறங்கவில்லையாம். அப்படியானால் உடனே உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும் என்பதுதான் விதி; போன வருடம் அந்த இடத்தில்தான் யாரையும் கூப்பிடாமல் முயன்றுகொண்டே இருந்து தோற்றீர்கள். இந்த முறை, “என்னால முடியல, யாராவது வாங்க!” என்று கத்தித் தேர்ச்சி பெற்றுவிட்டீர்களாம்.

“உங்கம்மா போட்ட சத்தத்துல பொம்மையே எழுந்து உக்காந்திருக்கும்டி ரிஸ்தா!” என்று அத்தை சிரித்தார். நான் அடுப்படியில் தனியாக நின்று கை தட்டினேன்.

தலையணையை நோயாளியாக்கி நாம் ஒத்திகை பார்த்தபோது, “வகுப்புல வாயத் திறக்கப் பயந்து படிப்ப விட்டவ நீ, என்னைக் கத்தச் சொல்றியா?” என்று கேட்டீர்களே, அதனால்தான் இரண்டு நாளாக நான் பேசவில்லை. இப்போது கோபம் இல்லை.

ரிஸ்தா

கதவைப் பூட்டிவிடாதீர்கள், வர நேரமாகும். மாலைப் பள்ளியில் சேரப் போகிறேன். பாடம் புரியாவிட்டால் நானும் உங்களைப் போலவே கத்துவேன்.