துண்டுக்குள் நடந்த பேரம்

அன்பு மகள் சோபனாவுக்கு, ஏரியூரிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் போன வாரம் ஈன்ற எருமையும் அதன் கன்றும் சௌக்கியம். அங்கே டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். வீடியோவில் அப்பா உன்னைப் பார்த்து யாருங்க நீங்க, எந்த ஊருங்க என்று கேட்ட நாளிலிருந்து மூன்று மாதமாக நீ முகம் காட்டவில்லை. உன் மனம் எனக்குத் தெரியும். ஆனால் இந்தச் சேதியைச் சொல்லாவிட்டால் என் வயிறு வெடித்துவிடும். உன் அம்மா பெங்களூரில் மேடை ஏறிவிட்டாள்!

எல்லாம் நம் தருமபுரி டாக்டர் தமிழ்மணியால் வந்தது. சாப்பிட மாட்டேன் குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற உங்கள் வீட்டுக்காரரை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார். காலமெல்லாம் மாட்டுத் தரகராக இருந்தவரிடம் துண்டு போட்டுத்தானே பேச வேண்டும், இரண்டு பேர் கையையும் துண்டால் மூடி உள்ளே ஐந்து விரலைப் பிடித்து அஞ்சு இட்லி என்பேன், அவர் இரண்டைப் பிடிப்பார், மூன்றில் முடியும், முடிந்த பேரத்தை மனுஷன் மீறவே மாட்டார் என்றேன். டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். மறதி நோயை ஆராய்கிறவர்கள் வருடா வருடம் கூடும் மாநாட்டில் இதை நீங்களே வந்து சொல்லுங்கள் என்று எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே எல்லார் கழுத்திலும் பெயர் அட்டை தொங்கியது, உன் அப்பா அதைச் சந்தைச் சுங்கச் சீட்டு என்று நினைத்து, சீட்டில்லாத ஒரு பெரிய மனிதரை வாசலிலேயே மறித்துவிட்டார். மேடையில் ஏறித் துண்டுப் பேரத்தைச் சொல்லி முடித்தேன். ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியை, இவரை எத்தனை நிமிடம் சோதிக்கலாம் என்று துண்டுக்குள் கைவிட்டுப் பத்து கேட்டாள், இவர் ஒரே விரலில் முடித்துவிட்டார்! அதோடு விட்டாரா, அவள் சிரித்தபோது, மாட்டுக்கு வயது பார்ப்பதுபோலப் பல்லை எட்டிப் பார்த்து, ஆறு பல்லு போட்டிருக்குது, நல்ல வயசுங்க என்றார். டாக்டரம்மா அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது, நான் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

திரும்பும்போது ரயிலில் எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. கையைத் துண்டுக்குள் விட்டு, இந்தக் கிழவியை என்ன விலைக்குத் தருவீங்க என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், யாரென்று தெரியவில்லை, அது எனக்குப் புரிந்தது. ஆனால் என் விரல்களைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுத் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, இது வூட்டு மாடுங்க, விக்கறதுக்கு இல்லீங்க என்று சொல்லிவிட்டார். பாதி வழி வரைக்கும் சிரித்தேன், தருமபுரி வரும்போது அழுதுகொண்டிருந்தேன், சந்தோஷத்தில்தான்.

ஆகையால் சோபனா, அந்தப் போனில் முகத்தைக் காட்டிப் பயனில்லை, பொங்கலுக்கு நேரில் வந்து துண்டுக்குள் கையை விடு. அவர் உன்னை என்ன சொல்கிறார் என்று நானும் கேட்க வேண்டும். தீர்த்தமலையான் துணையில் நீங்கள் இருவரும் நூறு வயது நிறைந்து வாழ வேண்டும். மறந்துவிடாதே, வருவதற்கு முன் அந்த நீள நகத்தை வெட்டிவிடு, அப்பா கையில் கீறிவிடும்.

இப்படிக்கு,
விற்பனைக்கு இல்லாத உன் அம்மா,
பானுமதி